யூதர் வரன்தேடலில் ஏமாற்று நோக்கங்கள்

ஷிதுக் என்பது மரபுவழி யூதர்களிடையே வழங்கும் வரன் பார்க்கும் முறையாகும். இரு வீட்டாருக்கும் இடையே பேசி முடிக்கும் தரகர் ஷத்கான் எனப்படுகிறார். இசுரேலின் எருசலேம், பினெய் பிராக், அமெரிக்காவின் புரூக்ளின் முதலிய இடங்களில் வாழும் ஹரேதி யூதர்களிடையே இம்முறை இன்றும் வலுவாக உள்ளது. ஆணும் பெண்ணும் சந்திப்பதற்கு முன்பே இரு குடும்பங்களும் ஒன்றைப் பற்றி மற்றொன்று விசாரித்துக்கொள்கின்றன. ஆகவே இம்முறை பிறர் சொல்லும் சொல்லை நம்பியே நடக்கிறது. அச்சொல் தன்னலத்தால் திரிக்கப்படும்போது எழும் சிக்கலையும், அதை யூதச் சமயச் சட்டமான ஹலாக்கா எவ்வாறு அணுகுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மறைநூலில் காணப்படும் முன்னிகழ்வுகள்

ஆதியாகமத்தின் 24ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமின் ஊழியர் ஈசாக்குக்குப் பெண் தேடிச் செல்கிறார். அங்கு ரெபேக்காளின் சம்மதம் கேட்கப்படுகிறது. 29ஆம் அதிகாரத்தில் நடப்பது இதற்கு நேர்மாறானது. ராகேலை மணப்பதற்காக யாக்கோபு ஏழாண்டுகள் உழைக்கிறார்; மணநாள் இரவில் லாபான் மூத்த மகள் லேயாளை அனுப்பிவிடுகிறான். மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது தம் ஊர் வழக்கமன்று என்று அவன் காரணம் சொல்கிறான். ஆனால் அந்த ஏற்பாட்டால் அவனுக்கு மேலும் ஏழாண்டு உழைப்பு கிடைக்கிறது. ஊர் வழக்கத்தைக் காட்டித் தன் ஆதாயத்தை மறைத்தவனாக லாபான் யூத மரபில் நினைக்கப்படுகிறான். மணச்சடங்கிற்கு முன் மணமகனே மணமகளின் முகத்தைப் பார்த்துத் திரையிடும் ‘பெதேக்கன்’ வழக்கத்தை மக்கள் இந்நிகழ்வோடு தொடர்புபடுத்துவர்.

ஏமாற்றுக்கு வழிவகுக்கும் நோக்கங்கள்

முதலாவது, தரகரின் கூலி. 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவ் நகரில் வாழ்ந்த ரபி மோசே இசெர்லெஸ், சுல்கான் அருக் எனும் சட்டத்தொகுப்புக்கு எழுதிய குறிப்புகளில் ஷத்கானை வணிகத் தரகருக்கு ஒப்பாகக் கருதுகிறார். கூலி பெறுவது முறையானதே. ஆனால் பேச்சு முடிந்தால்தான் கூலி என்னும்போது, குறையைச் சொல்லாமல் விட்டுவிடத் தரகருக்குத் தூண்டுதல் ஏற்படுகிறது.

இரண்டாவது, குடும்பத்தின் அச்சம். ஒரு பிள்ளையின் நோய் வெளியே தெரிந்தால் மற்றப் பிள்ளைகளின் வரனும் தடைபடும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். மனநோய், வயது, கடன் போன்றவை மறைக்கப்படுவதற்கு இதுவே பெரிய காரணம்.

மூன்றாவது, விசாரிக்கப்படுபவரின் உள்நோக்கம். அண்டை வீட்டாரோ ஆசிரியரோ நண்பரோ பழம்பகையாலும் பொறாமையாலும் இல்லாத குறையைச் சொல்லலாம். அதே வரனைத் தம் வீட்டுக்கு விரும்பியும் பேச்சைக் கலைக்கலாம்.

ஹலாக்காவின் நிலைப்பாடு

‘ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்’ என்ற நம் பழமொழியை ஹலாக்கா ஏற்காது. பிறர் மனத்தில் தவறான எண்ணத்தை உண்டாக்குவது ‘கெனேவாத் தாஅத்’, அதாவது எண்ணத் திருட்டு, எனப்படுகிறது. தல்மூத் இதைத் தடைசெய்கிறது.

குருடருக்கு முன் இடறல் வைக்கக்கூடாது என்று லேவியராகமம் (19:14) கட்டளையிடுகிறது. சிப்ரா எனும் பழைய விளக்கநூல், குருடர் என்பதை ஒரு செய்தியை அறியாதவர் என்று பொருள்கொள்கிறது. ஒரு பெண் குருகுலத்தாரை மணக்கத் தகுதியுடையவளா என்று கேட்பவரிடம் பொய் சொல்லலாகாது என்பது அது தரும் எடுத்துக்காட்டு. மற்றொருவரின் நிலத்தைத் தான் அடையும் எண்ணத்தோடு, நிலத்தை விற்றுவிட்டுக் கழுதை வாங்குமாறு அவருக்கு யோசனை சொல்வதும் அதே குற்றமாகும். இங்குச் சொல்லோடு சொல்பவரின் நோக்கமும் எடைபோடப்படுகிறது.

ரபி இசுரேல் மேயர் ககன் 1873இல் வெளியிட்ட ‘ஹபெட்ஸ் ஹயீம்’ என்னும் நூல் புறங்கூறல் பற்றியது. வரன் விசாரணையையும் அது ஆராய்கிறது. கடுமையான குறையை அறிந்தவர் அதைச் சொல்லலாம். ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. நன்கு ஆராய்ந்த பின்பே சொல்ல வேண்டும். மிகைப்படுத்தக்கூடாது. கேட்பவரின் நன்மைக்காகச் சொல்ல வேண்டுமே தவிர, பகையால் சொல்லக்கூடாது.

மணத்துக்குப் பின் தெரியவந்தால்

பொய்யான நிபந்தனையின் பேரில் நடந்த மண ஒப்பந்தம் செல்லாது என்று மிஷ்னாவின் கித்துஷின் பகுதி கூறுகிறது. தன்னைக் குருகுலத்தான் என்று சொல்லி மணந்தவன் லேவியன் எனத் தெரியவருவது அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எனினும் நிபந்தனை விதிக்கப்படாத இடத்தில், மறைக்கப்பட்ட குறையைக் காட்டி மணத்தை நீக்குவது மிகக் கடினம். சமயச் சட்டப்படி மணவிலக்குப் பெற ‘கெத்’ எனும் முறியைக் கணவன் கொடுக்க வேண்டும். அவன் மறுத்தால் மனைவி மறுமணம் செய்ய இயலாத ‘அகுனா’ ஆகிவிடுகிறாள். வரன் பேசும்போது சொல்லாமல் விட்ட ஒரு செய்தியின் சுமை இவ்வாறு ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதும் நீளக்கூடும். ரபி மோசே ஃபைன்ஸ்டைன் (1895–1986) சில வழக்குகளில், மணத்துக்கு முன்பே இருந்த கடுங்குறை மறைக்கப்பட்டதால் அம்மணம் செல்லாது என முடிவு கூறினார். இம்முறையை விரிவாகப் பயன்படுத்துவதைப் பல ரபிகள் ஏற்பதில்லை.

மறைக்கும் தேவையைக் குறைத்த ஒரு முயற்சி

டே-சாக்ஸ் நோயால் நான்கு குழந்தைகளை இழந்த ரபி ஜோசப் எக்ஸ்டைன், 1983இல் டோர் யெஷோரிம் எனும் அமைப்பைத் தொடங்கினார். இளைஞர்களின் குருதி பரிசோதிக்கப்பட்டு ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்படுகிறது, முடிவு சொல்லப்படுவதில்லை. வரன் பேசும்போது இரு எண்களும் ஒப்பிடப்படுகின்றன. இருவரும் ஒரே நோயின் மரபணுவைத் தாங்கியவர்களாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அப்போது மட்டுமே அவர்கள் எச்சரிக்கப்படுகின்றனர். எந்தக் குடும்பத்தின் மீதும் களங்கம் விழாததால், இந்த நோய்களைப் பொறுத்தவரை மறைப்பதற்கான காரணமே இல்லாமற்போகிறது.

இலக்கியத்தில்

தரகரின் மிகைப்பேச்சு இத்திய மொழி இலக்கியத்தில் நகைச்சுவைப் பொருளாயிற்று. ஷோலெம் அலெய்க்கெமின் மெனாகெம்-மெண்டல் எனும் பாத்திரம், தரகு வேலையில் இறங்கி இரண்டு பெண்களுக்கே பொருத்தம் பேசி முடித்துவிடுகிறது. பெர்னார்ட் மாலமுட் 1954இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி மேஜிக் பேரல்’ சிறுகதையில், ரபிப் படிப்பு மாணவன் ஒருவன் தரகரின் மகளின் புகைப்படத்தைக் கண்டு மனம் பறிகொடுக்கிறான். தரகர் அவளைத் தகாதவள் என்று தடுக்கிறார். ஆனால் எல்லாம் அவர் திட்டமிட்டதே என்ற ஐயம் மாணவனுக்கு எழுகிறது. அந்த ஐயத்தைக் கதை இறுதிவரை தீர்த்துவைப்பதில்லை.