கடனட்டைக் கடன் தீர்ந்தது. அட்டையை என்ன செய்வது?

கடனட்டையின் நிலுவையை ஒருவாறு கட்டி முடித்த பின் எம்மவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி எறிந்து நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். அல்லது கடை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். இரண்டுமே கணக்கை மூடியதாகாது. நிலுவை பூச்சியமானாலும் வங்கியின் ஏட்டில் அந்தக் கணக்கு திறந்தேதான் இருக்கிறது.

ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். அவருடைய அட்டையின் கடன் எல்லை 5 இலட்சம் ரூபா. மார்ச் மாதக் கூற்றில் இருந்த தொகையைச் சதம் மிச்சமில்லாமல் கட்டிவிட்டார். ஆனால் அவர் அதுவரை கடனைச் சுமந்து வந்தவர். அப்படிப்பட்டவருக்குக் கூற்றுத் திகதிக்கும் பணம் கட்டிய திகதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அடுத்த கூற்றில்தான் வந்து விழும். அது சில நூறு ரூபாவாக இருக்கலாம். பிறகு வருடாந்தக் கட்டணம் 4,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம், அதுவும் ஏறுகிறது. கூற்று போவதோ இரண்டு வருடங்களுக்கு முன் விட்டுப்போன பழைய கடை விலாசத்துக்கு. கட்டாததற்குத் தாமதக் கட்டணம், அதன் மேல் வட்டி என்று தொகை வளர்கிறது. பெருநாள் சரக்குக்காக 50 இலட்சம் கேட்டு அவர் வங்கிக்குப் போகும்போது, “உங்களுக்குக் கடனட்டை நிலுவை இருக்கிறதே” என்கிறார் முகாமையாளர். இவர் திகைத்துப்போய் நிற்கிறார். சில ஆயிரம் ரூபா, 50 இலட்சத்தின் வழியை மறித்துவிட்டது.

இந்தத் தகவல் முகாமையாளருக்கு எங்கிருந்து கிடைக்கிறது? 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்திலிருந்து. நாம் சுருக்கமாக ‘கிறிப்’ என்போம். அதனைக் கடன் கட்டாதவர்களின் கறுப்புப் பட்டியல் என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது தவறு. ஒழுங்காகக் கட்டுபவரின் விபரமும் அங்கே இருக்கிறது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் மாதாந்தம் தகவல் கொடுக்கின்றன. வட்டிக் கடனுக்கு மாத்திரமல்ல, முராபஹா வசதி கேட்டு விண்ணப்பித்தாலும் கிறிப் அறிக்கை பார்க்கப்படும்.

அந்த அறிக்கையில் நிலுவை மட்டுமன்றி, கடன் எல்லையும் காணப்படும். வியாபாரிகள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். மூன்று அட்டைகள், தலா 5 இலட்சம், எல்லாமே பூச்சியம் என்றால் நமக்கு அது சுத்தமான கணக்கு. கடன் கொடுக்கப்போகும் அதிகாரியோ, “இவர் விரும்பினால் நாளைக்கே 15 இலட்சத்தை இழுத்துவிடலாம்” என்றும் யோசிப்பார். மாதாந்தம் எவ்வளவு தவணை கட்ட இவரால் முடியும் என்று கணக்கிடும்போது, பாவிக்காத எல்லையில் ஒரு பங்கையும் பொறுப்பாகச் சேர்த்துக்கொள்ளும் வங்கிகள் உண்டு.

லண்டனிலோ டொரொண்டோவிலோ இருக்கும் மச்சான், “அட்டையை மூடாதே, ஸ்கோர் இறங்கிவிடும்” என்று தொலைபேசியில் சொல்லியிருப்பார். அவர் ஊருக்கு அது பொருந்தும். உதாரணமாக அமெரிக்காவில் ‘பிக்கோ’ புள்ளியில் 30 வீதம், கடனின் அளவையும் எல்லையில் எவ்வளவு பாவித்தோம் என்பதையும் பொறுத்தது. 15 வீதம் கணக்குகளின் வயதைப் பொறுத்தது. அட்டையை மூடினால் மொத்த எல்லை குறைந்து, பாவித்த பங்கு கூடித் தெரியும். இங்கும் கிறிப் புள்ளி வழங்குகிறதுதான். ஆனாலும் வியாபாரக் கடனுக்கு வங்கி பார்ப்பது உங்கள் கணக்குக் கூற்று, காசோலை திரும்பிய வரலாறு, வருமான வரிப் பத்திரம், பிணை என்று நீண்டு செல்லும். ஒரு சும்மா கிடக்கும் அட்டை அங்கே பெரிதாக எதையும் தூக்கி நிறுத்திவிடாது.

ஆகவே, ஒன்றுக்கு மேற்பட்ட அட்டைகள் இருந்தால் மேலதிகமானவற்றை மூடிவிடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். சரக்கெடுக்கக் குவாங்சோவுக்கும் துபாய்க்கும் போகிறவர்களுக்கு ஹோட்டல் முற்பணத்துக்கு ஒரு அட்டை தேவைப்படலாம். அப்படியானால் கட்டணம் குறைந்த ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் எல்லையையும் குறைத்துக் கேளுங்கள். டிக்கட் எடுப்பதற்கும் இணைய விளம்பரத்துக்கும் பெரும்பாலும் டெபிட் அட்டையே போதும்.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக் கட்டி அட்டையில் கடை நடத்திய பழக்கம் உள்ளவர் ஒன்றையும் வைத்திருக்கக் கூடாது. 2020இல் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு ஆண்டுக்கு 18 வீதம் என்று உச்ச எல்லை போட்டது. 2022 ஏப்ரலில் அந்த எல்லை நீங்கியது. அந்த ஆண்டிலேயே வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. 18 வீதத்தை நம்பிச் சுமந்தவர்கள் பட்ட பாடு மறந்திருக்காது.

எமது வாசகர்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சலுகைக் காலத்துக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும், வட்டி நிபந்தனை உள்ள கடனட்டையைப் பாவிப்பது கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 2000ஆம் ஆண்டு ரியாதில் தீர்மானித்தது. மேலதிக விளக்கத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பத்தியின் வேலை கணக்குச் சொல்வது.

மூடுவதென்றால் எழுத்தில் மூடுங்கள். வாடிக்கையாளர் சேவை இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லிவிட்டால் முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம். முதலில், அந்த அட்டையிலிருந்து தானாகக் கழியும் தொலைபேசிக் கட்டணம், காப்புறுதித் தவணை போன்றவற்றை வேறு கணக்குக்கு மாற்றுங்கள். மகனுக்கோ கடை முகாமையாளருக்கோ எடுத்துக் கொடுத்த மேலதிக அட்டைகளையும் திரும்பப் பெறுங்கள். தவணை முறையில் வாங்கிய குளிரூட்டி ஏதும் இருந்தால், மூடும் நாளில் மிகுதித் தவணைகள் முழுவதையும் ஒரேயடியாகக் கட்டச் சொல்லலாம். அதை முன்பே கேட்டறியுங்கள்.

சம்பளப் பத்திரம் இல்லாத வியாபாரிகளில் பலருக்கு நிலையான வைப்பைப் பிணையாக வைத்தே அட்டை கிடைத்திருக்கும். அட்டை மூடப்பட்டாலும் வைப்பின் மீதான தடை தானாக நீங்கும் என்று எண்ணாதீர்கள். அது நீக்கப்பட்டதாகத் தனியாகக் கடிதம் வாங்குங்கள். கணக்கு மூடப்பட்டது, நிலுவை எதுவும் இல்லை என்ற கடிதம் இன்னொன்று. இரண்டையும் கடைப் பத்திரங்களோடு கோவையில் போட்டு வையுங்கள்.

கடன் கேட்கும் எண்ணம் இருந்தால் இவற்றையெல்லாம் இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்னரே செய்துவிட வேண்டும். தகவல் மாதாந்தம்தான் கிறிப்புக்குப் போகிறது. உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம். மூடிய அட்டை இன்னும் நடப்பிலுள்ளதாக அதில் காட்டினால், அந்தக் கடிதத்தின் பிரதியோடு முதலில் வங்கிக்குப் போய்த் திருத்திக்கொண்டு, அதன் பிறகு கடன் விண்ணப்பத்தைக் கொடுங்கள்.