"ஏரியை தொறந்துட்டாங்களாம்!" கொரட்டூர்வாசிகள் தெரிஞ்சுக்க வேண்டிய தண்ணீர் வார்த்தைகள்

கொரட்டூர்,
மழை வலுத்தால் போதும். "ஏரியை தொறந்துட்டாங்களாம்" என்ற பேச்சு கொரட்டூர் டீக்கடைகளில் கிளம்பி விடும். வீட்டில் அரிசி மூட்டை கட்டில் மேல் ஏறும். ஆனால் யாரும் திறக்காமலேயே ஏரித் தண்ணீர் தெருவுக்கு வரலாம். எப்படி?

மதகு

ஏரிக்கரையின் அடியில் இருக்கும் வாசல்தான் மதகு. மடை என்றும் சொல்வார்கள். வயலுக்கு தண்ணீர் விட இதை திறந்து மூடுவார்கள். இந்த பாசன நிலத்துக்கு ஆயக்கட்டு என்று பெயர். கொரட்டூரில் வயல் போய் வீடுகள் வந்து விட்டன.

கலங்கல்

ஏரி நிரம்பியதும் மிச்ச தண்ணீர் வழிய கட்டிய தாழ்வான சுவர் கலங்கல். இதற்கு பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. தானாகவே வழியும். தென் மாவட்டங்களில் "மறுகால் பாயுது" என்பார்கள். வழிய இடம் இல்லாவிட்டால் கரையே உடைந்து விடும்.

கண், கனஅடி

செம்பரம்பாக்கம் போன்ற பெரிய ஏரியில் உபரிநீரை வெளியேற்றவும் ஷட்டர் உண்டு. ஒவ்வொரு ஷட்டர் வாசலும் ஒரு கண். அங்கே 5 கண் மதகு, 19 கண் மதகு உள்ளன. வினாடிக்கு 1 கனஅடி என்றால் சுமார் 28 லிட்டர். 2015 டிசம்பர் 1-ந்தேதி இரவு அங்கிருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கனஅடி திறக்கப்பட்டது. 12 ஆயிரம் லிட்டர் லாரி கணக்கில், வினாடிக்கு 68 லாரி தண்ணீர்!

இன்னொரு கொரட்டூர்

"கொரட்டூர் அணைக்கட்டு நிரம்பியது" என்று செய்தி வந்தால் பதற வேண்டாம். அது பூந்தமல்லி பக்கம் ஜமீன் கொரட்டூரில், கூவம் ஆற்றில் இருக்கிறது. கூவம் தண்ணீரை செம்பரம்பாக்கத்துக்கு திருப்பி விடும் தடுப்பு அது.

போக்கு கால்வாய்

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு வரும். கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்கு போகும். தண்ணீர் வரும் வழி வரத்து கால்வாய். வெளியேறும் வழி போக்கு கால்வாய்.

சிக்கலே இங்குதான். கலங்கலில் வழியும் தண்ணீரை எந்த அதிகாரியும் நிறுத்த முடியாது. போக்கு கால்வாயில் குப்பையும் மண்ணும் அடைத்தால், ஆக்கிரமிப்பு நெருக்கினால், அது தெருவைத்தான் தேடும். அதனால், "எப்போ தொறப்பாங்க?" என்று மழையில் கேட்பதை விட, "கால்வாய் தூர் வாரியாச்சா?" என்று மழைக்கு முன்பே கேட்பது நல்லது.