ஜப்தி செய்ய வருபவரைக் கண்காணிப்பது யார்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளாட்சி மன்றத்துக்கான கவுன்சில் வரியைக் கட்டத் தவறியவர், வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தி அபராதம் வாங்கியவர், நீதிமன்ற அபராதத்தைச் செலுத்தாதவர் ஆகியோரின் வீட்டுக் கதவைத் தட்டுபவர் பெரும்பாலும் அரசு ஊழியர் அல்ல. தனியார் நிறுவனத்தின் ஆள். அவர் பணம் கேட்கலாம், பொருள்களைப் பட்டியல் போடலாம், வாசலில் நிற்கும் காரைக் கொண்டுபோய் ஏலம் விடலாம். இத்தனை அதிகாரத்தோடு ஆள் அனுப்பும் அந்த நிறுவனத்தை நடத்தத் தனி உரிமம் எதுவும் வேண்டியதில்லை. அவற்றைக் கண்காணிக்கவென்று ஒரு அமைப்பு 2022-இல்தான் உருவானது. அதற்கும் இன்னும் சட்ட அதிகாரம் கிடைக்கவில்லை.

வசூல்காரர் வேறு, ஜப்தி முகவர் வேறு

கிரெடிட் கார்டு, தனிநபர் கடன் போன்ற பாக்கிகளுக்காகத் தொலைபேசியில் அழைப்பவர்கள், கடிதம் எழுதுபவர்கள் ஒரு வகை. கடன் வசூல் நிறுவனங்கள் எனப்படும் இவர்களால் வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைக்கூட எடுத்துச் செல்ல முடியாது. இவர்களுக்கு அனுமதி அளிப்பதும் நடத்தையைக் கண்காணிப்பதும் நிதி நடத்தை ஆணையத்தின் பொறுப்பு. நுகர்வோர் கடன் துறை 2014 ஏப்ரல் முதல் அந்த ஆணையத்தின் கையில் இருக்கிறது.

இன்னொரு வகையினர் அமலாக்க முகவர்கள். பேச்சுவழக்கில் பெய்லிஃப். வாரண்ட் போன்ற நீதிமன்ற ஆணையோடு வருபவர்கள். சட்டப்படி பொருளைக் கைப்பற்றக்கூடியவர்கள். தொலைபேசியில் பேசுபவருக்கு ஆணையத்தின் அனுமதி வேண்டும். காரைத் தூக்கிச் செல்பவரின் நிறுவனத்துக்கு அப்படி ஒன்றும் வேண்டாம். இந்த முரண்பாட்டைத்தான் கடன் ஆலோசனைத் தொண்டு நிறுவனங்கள் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வந்தன.

பாக்கி எப்படிப் பெருகுகிறது?

கவுன்சில் வரியில் ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் வரும். ஏழு நாளுக்குள் கட்டாவிட்டால் தவணை வசதி பறிபோய், அந்த ஆண்டின் மீதித் தொகை முழுவதையும் கட்டச் சொல்லலாம். அதுவும் முடியாதபோது கவுன்சில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஆணை பெற்று, வழக்கை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம்.

இந்த வேலைக்காக நிறுவனத்துக்குப் பணம் தருவது பொதுவாகக் கவுன்சில் அல்ல. கட்டணம் கடனாளியின் தலையில் விழுகிறது. 2014-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் மூன்று கட்டங்களாக அதை வகுத்தன. வழக்கு நிறுவனத்தின் கைக்கு வந்ததும் 75 பவுண்டு. முகவர் முதன்முறை வீட்டுக்கு வந்ததும் 235 பவுண்டு. பொருளை விற்கும் கட்டத்துக்குப் போனால் இன்னும் 110 பவுண்டு. பாக்கி 1,500 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 7.5 சதவீதம் பின்னிரண்டு கட்டங்களிலும் சேரும் என்றும் அவை வகுத்தன.

600 பவுண்டு வரி பாக்கி வைத்த குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இந்தக் கணக்கின்படி, வழக்கு கைமாறிய அன்றே அது 675 ஆகிறது. நோட்டீஸைப் பிரிக்காமல் வைத்திருந்து முகவர் படியேறிவிட்டால் 910. விற்பனை வரை போனால் 1,020. 600 கட்ட வழியில்லாத வீட்டிடம் ஆயிரத்துக்கு மேல் கேட்கப்படுகிறது.

படியேறினால்தான் பெரிய கட்டணம் என்னும்போது, சீக்கிரம் படியேறும் ஆசை நிறுவனத்துக்கு வருவது இயல்பு. வெளியிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய தேவை இங்கேதான் பிறக்கிறது. சேவை பிடிக்கவில்லை என்றால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார் என்ற கட்டுப்பாடு இத்தொழிலில் இல்லை. தன் வீட்டுக்கு எந்த நிறுவனம் வரவேண்டும் என்று கடனாளி தேர்ந்தெடுக்க முடியாது.

வாசலில் எது செல்லும், எது செல்லாது?

2007-ஆம் ஆண்டின் தீர்ப்பாயங்கள், நீதிமன்றங்கள், அமலாக்கச் சட்டத்தின் ஜப்தி தொடர்பான பகுதி 2014 ஏப்ரல் 6 முதல் செயலுக்கு வந்தது. அதன்படி ஏழு முழு நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். ஞாயிறும் வங்கி விடுமுறையும் இதில் சேராது. வழக்கமாகக் காலை 6 மணிக்கு முன்போ இரவு 9 மணிக்குப் பின்போ வரக்கூடாது. ஜன்னல் வழியே நுழையக்கூடாது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மட்டும் வீட்டில் இருந்தால் உள்ளே போகக்கூடாது. அடுப்பு, ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம், படுக்கை போன்ற அடிப்படைப் பொருள்களைத் தொடக்கூடாது. பிழைப்புக்கான கருவிகளில் 1,350 பவுண்டு மதிப்பு வரை விலக்கு உண்டு.

கவுன்சில் வரி வழக்கில், முதல்முறை வரும் முகவருக்குக் கதவைத் திறந்தே ஆகவேண்டிய கட்டாயம் இல்லை. அவர் பூட்டை உடைக்கவும் முடியாது. ஆனால் தானாகத் திறந்து உள்ளே விட்டு, பொருள்களைப் பட்டியலிட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டால் நிலைமை மாறிவிடும். பொருள்கள் வீட்டிலேயே இருக்கும். தவணை தவறினாலோ, உரிய அறிவிப்புத் தந்துவிட்டு அவர் பலவந்தமாகவே திரும்ப நுழையலாம். நீதிமன்றம் விதித்த குற்ற அபராதங்களுக்கு இதைவிடக் கடுமையான விதிகள் உண்டு.

விதிகள் ஏட்டில் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் கதவருகே நடக்கும் பத்து நிமிடப் பேச்சில், 'உள்ளே விடாவிட்டால் பூட்டை உடைப்போம்' என்று இல்லாத அதிகாரத்தைச் சொல்லி மிரட்டினால் அதைக் கேட்பவர் யார்?

ஆளுக்குச் சான்றிதழ் உண்டு; நிறுவனத்துக்கு?

முகவர் ஒவ்வொருவரும் கவுண்டி நீதிமன்ற நீதிபதியிடம் சான்றிதழ் பெற வேண்டும். அது இரண்டு ஆண்டு செல்லும். 10,000 பவுண்டுக்குப் பிணையும் காட்ட வேண்டும். தவறு செய்தவர்மீது அந்த நீதிமன்றத்திலேயே புகார் தரலாம். ஆனால் நெருக்கடியில் இருக்கும் குடும்பத்துக்கு நீதிமன்றப் படியேறுவது எளிதல்ல. அதோடு, முகவரை அனுப்பியதும் அவருக்கு இலக்கு வைத்ததும் நிறுவனம். தனி ஆளின் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நிறுவனத்தின் போக்கைத் திருத்த முடியாது.

நாடாளுமன்றத்தின் நீதித்துறைக் குழு 2019 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், ஒழுங்குமுறை அமைப்பும் சார்பற்ற புகார் விசாரணையும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்பின் நிறுவனங்களும் கடன் ஆலோசனைத் தொண்டு அமைப்புகளும் ஒரே மேசையில் அமர்ந்து பேசியதன் விளைவாக, 2022-இல் அமலாக்க நடத்தை வாரியம் பிறந்தது.

அங்கீகாரத்தால் என்ன பயன்?

அங்கீகாரம் கேட்டு வரும் நிறுவனம் வாரியத்தின் மேற்பார்வையை ஏற்க வேண்டும். அதன் செலவுக்குப் பங்குத் தொகை கட்ட வேண்டும். வாரியம் வகுத்த நடத்தை நெறிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். புதிய நெறிகள் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. துறையின் பெரும்பகுதி இன்று இந்த வளையத்துக்குள் வந்திருக்கிறது.

முகவர்களின் சட்டையில் பொருத்தியிருக்கும் கேமராதான் இதில் முக்கியமான சாட்சி. அந்தப் பதிவுகளை வாரியம் சார்பற்றவர்களைக் கொண்டு ஆராய வைத்தது. பெரும்பாலான சந்திப்புகள் முறையாக நடந்திருந்தாலும், விதிமீறல்களும் பதிவாகியிருந்தன. முன்பு புகார்தாரர் ஒன்று சொல்வார், முகவர் வேறொன்று சொல்வார். விஷயம் அங்கேயே நின்றுவிடும். இப்போது பதிவைப் போட்டுப் பார்க்கலாம்.

ஓட்டை எங்கே?

சேருவது நிறுவனத்தின் விருப்பம். சேராமலே தொழில் நடத்தினால் வாரியத்தால் தடுக்க முடியாது. சேர்ந்த நிறுவனம் மோசமாக நடந்தால் வாரியம் எடுக்கக்கூடிய கடைசி நடவடிக்கை, அங்கீகாரத்தை நீக்குவது. முகவரின் சான்றிதழை ரத்துசெய்யும் அதிகாரம் நீதிமன்றத்திடமே இருக்கிறது. துறைக்குச் சட்டபூர்வக் கட்டுப்பாடு கொண்டுவருவது பற்றி நீதி அமைச்சகம் 2025-இல் கருத்துக் கேட்டது.

நோட்டீஸ் வந்தால்

லண்டனின் ஈஸ்ட் ஹாம், ஹாரோ போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கவரைப் பிரிக்காமல் வைப்பதுதான் பெரிய நஷ்டம். முதல் கட்டக் கட்டணத்தோடு நிற்கும்போதே நிறுவனத்திடம் பேசித் தவணை கேட்க வேண்டும். வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகியவை இலவசமாக ஆலோசனை தருகின்றன. 2021 மே முதல் நடப்பில் உள்ள 'மூச்சு விடும் அவகாசம்' திட்டத்தில், ஆலோசகர் வழியே விண்ணப்பித்தால் 60 நாள் வரை நடவடிக்கை நிற்கும். குற்ற அபராதங்கள் உள்ளிட்ட சில பாக்கிகளுக்கு இது பொருந்தாது. முகவர் தவறாக நடந்தால் முதலில் நிறுவனத்திடம் புகார். தீர்வு சரியில்லை என்றால் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள்மீது கட்டணமின்றி வாரியத்திடம் புகார் தரலாம்.

கவுன்சில்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அங்கீகாரம் இல்லாத நிறுவனத்துக்கு வேலை தரமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தாலே, வாரியத்தின் சொல்லுக்குக் கனம் கூடும். ஆனால் இன்று ஒரு கவுன்சில் சேர்க்கும் வரியை நாளை இன்னொன்று நீக்கிவிடலாம். வரி பாக்கியை வசூலிக்க அரசுக்கு உரிமை உண்டு; அந்தப் பணத்தில்தான் முதியோர் பராமரிப்பும் குப்பை அகற்றலும் நடக்கின்றன. ஒருவர் வீட்டுப் பொருளைக் கைப்பற்றும் அதிகாரத்தைத் தனியாருக்கு அளித்தது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். அந்த அதிகாரத்தைக் கண்காணிக்கும் கடமையும் சட்டத்தால்தான் நிலைநிறுத்தப்பட வேண்டும்.