துண்டு துண்டாக வந்த தேவி!

நியூயார்க் துறைமுகத்தில் கையில் தீபம் ஏந்தி நிற்கிறாள் சுதந்திர தேவி. பாதத்தில் இருந்து தீபம் வரை உயரம் 151 அடி. இந்தச் சிலை கல்லில் செதுக்கியது அல்ல. உருக்கி வார்த்ததும் அல்ல. வெறும் 2.4 மில்லிமீட்டர் கனமுள்ள செப்புத் தகடுகளால் ஆனது!

முகம், கை, உடையின் மடிப்பு எல்லாமே வளைவுகள். அவற்றை இவ்வளவு பெரிதாகச் செய்தது எப்படி?

நாலால் பெருக்கினார்கள்

பிரான்சு நாட்டுச் சிற்பி பார்தோல்டி, முதலில் சுமார் 4 அடி உயரத்தில் மாதிரி செய்தார். பிறகு படிப்படியாக அதைப் பெரிதாக்கினார். கடைசி மாதிரி, முழுச் சிலையின் உயரத்தில் நாலில் ஒரு பங்கு இருந்தது.

அதைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஏராளமான புள்ளிகள் வைத்து அளந்தார்கள். அந்த அளவுகளை நாலால் பெருக்கினார்கள். ஓர் அளவு தவறினாலும் மூக்கு கோணலாகிவிடும்!

பெருக்கிய அளவில் மரச்சட்டம் அடித்து, மேலே சாந்து பூசி உருவம் செய்தார்கள். அதன் வளைவுக்குத் தக்கபடி தச்சர்கள் மர அச்சு செய்தார்கள். அச்சில் தகட்டை வைத்து, தட்டித் தட்டி வளைத்தார்கள். கன்னார் தவலை அடிப்பது போலத்தான்!

இறுக்கவில்லை

உள்ளே தாங்கி நிற்கும் இரும்புக் கூட்டை அமைத்தவர் என்ஜினீயர் ஈபெல். பின்னாளில் பாரிசில் கோபுரம் கட்டியவர் இவரே.

வெயிலில் செம்பு விரியும், குளிரில் சுருங்கும். இறுக்கிப் பிடித்தால் தகடு கிழிந்துவிடும். ஆகவே, தகட்டுக்குப் பின்னால் வளைந்த இரும்புப் பட்டைகளை வைத்தார்கள். தகட்டில் பதித்த செப்புக் கவ்விகள் அந்தப் பட்டைகளைத் தளர்வாகப் பற்றிக்கொண்டன.

பாரிசில் முழுச் சிலையையும் பூட்டிப் பார்த்தார்கள். பிறகு கழற்றி, 350 துண்டுகளாக 214 பெட்டிகளில் அடைத்தார்கள். 1885-ல் கப்பலில் நியூயார்க் வந்து சேர்ந்தது. 1886 அக்டோபர் 28-ந் தேதி திறப்பு விழா நடந்தது.

துரு பிடித்தது

செம்பும் இரும்பும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் இரும்பு அரித்துப் போகும். இதை அறிந்து இரண்டுக்கும் நடுவே தடுப்பு வைத்திருந்தார்கள். நாளடைவில் தடுப்பு கெட்டது. பட்டைகள் துருவேறின. தீபத்தின் செம்பை வெட்டிக் கண்ணாடி பதித்ததால், மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கியது.

1984-ல் பழுது பார்க்கத் தொடங்கினார்கள். எல்லாப் பட்டைகளையும் ஒன்றாக எடுத்தால் சிலையின் உருவம் கெட்டுவிடும். எனவே, சிலவற்றை மட்டும் கழற்றினார்கள். துருப்பிடிக்காத எஃகை அதே வளைவில் வளைத்து மாட்டிவிட்டு, அடுத்ததற்குப் போனார்கள். 1986-ல், நூற்றாண்டு விழாவுக்குள் வேலை முடிந்தது. புதுத் தீபமும் வைத்தார்கள்.

பட்டை மாறியது, தீபம் மாறியது. ஆனால் அந்த முகம், அன்று பாரிசில் சுத்தியலால் தட்டிய அதே முகம்தான்!