யோசனை எப்போது நோயாகிறது?

பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் ஒன்றுண்டு: "அவருக்குக் கன யோசனை." வேலை போன கவலை, அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராத ஏக்கம், ஊரில் தனியே விட்டுவந்த தாயின் நினைவு, வீட்டுக்கடன், பிள்ளையின் கலியாணம் யாவும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். யோசனை உள்ளவரைப் பார்த்து "ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ" என்று சொல்லித் தேநீர் ஊற்றிக் கொடுப்பது வழக்கம். இதற்கு மறுகோடியில் இன்னொரு சொல் இருக்கிறது. அது விசர். கொழும்புக்கு அருகேயுள்ள அங்கொடை என்ற ஊரின் பெயர், பெரிய மனநோய் வைத்தியசாலை அங்கே அமைந்திருந்த ஒரே காரணத்தால் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. அந்த வைத்தியசாலை தேசிய உளநல நிறுவகம் எனப் பெயர் மாறிவிட்டது. வசைச்சொல் மாறவில்லை, கடல் கடந்தும் கூடவே வந்துவிட்டது.

யோசனைக்கும் விசருக்கும் நடுவே பெரியதொரு பரப்பு உண்டு. வைத்திய உதவி வேண்டிநிற்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்த இடைப்பரப்பிலேயே இருக்கிறார்கள். "யோசனைதானே, போய்விடும்" என்று வீட்டார் காத்திருக்கின்றனர். "விசர் என்று பெயர் வைத்துவிடுவார்களே" என்று நோயாளி வாய் திறவாதிருக்கிறார். மாதங்கள் கழிகின்றன.

வாய் திறவாவிட்டாலும் உடம்பு பேசுகிறது. தலை விறைப்பு, நெஞ்சுப் பதகளிப்பு, உடம்பு எரிவு, கைகால் உளைவு, அடிக்கடி பெருமூச்சு என்று பல வகையாக அது முறையிடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், போருக்குள் அகப்பட்ட மக்களின் மனநிலை பற்றி 1998இல் ஆங்கிலத்தில் நூலொன்று வெளியிட்டவர். மனத்தில் விழுந்த காயம் தமிழரிடையே உடல் நோவாக வெளிப்படுவதை அவரும் அவரோடு பணியாற்றியோரும் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளனர். இது நடிப்பன்று, நோவு உண்மையான நோவே. ஆனால் இங்குள்ள குடும்ப வைத்தியர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரம் ஏறத்தாழ 10 நிமிடம். "தலையிடி" என்று மட்டும் சொன்னால் தலையிடிக்கே மருந்து கிடைக்கும். "இரவு மூன்று மணிக்கு விழித்தால் பிறகு நித்திரை இல்லை, சாப்பாட்டில் மனம் இல்லை, கோயிலுக்கு வரவும் விருப்பமில்லை" என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவருக்கு விடயம் விளங்கும்.

அப்படியாயின், எதுவரை பொறுத்திருக்கலாம்? வைத்தியர்கள் கைக்கொள்ளும் அளவு இரண்டு கிழமை. மனச்சோர்வை மதிப்பிடுவதற்கு 2001இல் வெளியான 9 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை இந்நாட்டு வைத்தியர்கள் பெரிதும் பயன்படுத்துகின்றனர். கடந்த இரண்டு கிழமைகளில் எத்தனை நாள் எதிலும் நாட்டமில்லாதிருந்தது, எத்தனை நாள் மனம் சோர்ந்து கிடந்தது என்று அது தொடங்குகிறது. நித்திரை, களைப்பு, பசி என்பன அடுத்து வருகின்றன. தன்னைத் தானே பயனற்றவர் என்று எண்ணியதுண்டா, பத்திரிகை வாசிக்கவோ தொலைக்காட்சி பார்க்கவோ மனம் ஒன்றாமற் போனதா, நடையும் பேச்சும் பிறர் கண்ணுக்குத் தெரியுமளவு மந்தமாயினவா அல்லது இருக்கை கொள்ளாத தவிப்பு உண்டா என்றும் கேட்கிறது. இறந்துவிட்டால் நல்லது என்ற நினைப்பு வந்ததா என்பது கடைசிக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேலானால் வைத்தியர் கவனமாகப் பார்ப்பார். கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்றால் மற்றப் புள்ளிகள் எவ்வளவாயினும் தாமதம் கூடாது.

படிவம் கையில் இல்லாத வீட்டில் வேறொரு அளவுகோல் போதும். அந்த மனிதர் முன்பு செய்தவற்றில் எவற்றை நிறுத்திவிட்டார்? வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது நின்றதா? தலைவாரிக்கொள்வது நின்றதா? வந்த கடிதங்களை உடைக்காமலே மேசையில் குவித்து வைக்கிறாரா? கடையில் இரவுவேலை செய்பவர் என்றால், முன்பு எப்போதோ எடுத்த மதுப் போத்தலை இப்போது ஒவ்வொரு நாளும் எடுக்கிறாரா? ஆண்கள் பலரிடம் மனச்சோர்வு அழுகையாக வருவதில்லை. எரிந்து விழுவதாகவும் குடியாகவும் வருகிறது. அதைக் குணக்கேடு என்று பேசித் தீர்த்துவிடுவது எம்மவரிடையே மிகச் சாதாரணம்.

துக்கம் வேறு, நோய் வேறு. தாயையோ துணையையோ இழந்தவர் அழுவது நோயாகாது. எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்று முன்னோர் வகுத்த நாள்கள் துக்கத்துக்கு ஒரு படிக்கட்டு அமைத்துக் கொடுத்தன. ஒவ்வொரு படியிலும் உறவினர் கூடினர்; இறந்தவரைப் பற்றிக் கதைத்தனர்; சமைத்து உண்டனர். லண்டனில் ஈமக்கிரியை முடிந்த மறுநாளே வேலைக்குப் போகவேண்டியவருக்கு அந்தப் படிகளிற் பாதி கிடைப்பதில்லை. ஊரில் நடந்த இறப்புக்குப் போக முடியாமல், கைத்தொலைபேசித் திரையில் மட்டும் சிதையைக் கண்டவருக்கு நிலைமை இன்னும் கடினம். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2022இல் திருத்தி வெளியிட்ட கைநூல், ஒருவர் இறந்து 12 மாதத்துக்குப் பின்னரும் ஏக்கம் சற்றும் தணியாமல் அன்றாட வாழ்வை முடக்கிவிடுமானால் அதனைச் சிகிச்சைக்குரியதென வகைப்படுத்துகிறது. ஆட்டைத் திவசத்தின் கணக்கும் ஏறத்தாழ அதுவே என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் துக்கத்தில் உள்ளவர் "நானும் போய்ச் சேரவேண்டும்" என்று சொல்லத் தொடங்கினால் ஆண்டு முடியும்வரை யாரும் காத்திருக்கக் கூடாது.

இரண்டு கிழமைக் கணக்குப் பார்க்காமல் உடனே வைத்தியரிடம் செல்லவேண்டிய நிலைமைகள் சில உண்டு. பல்கலைக்கழகம் போன பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, அயலவர் தன்னைக் கண்காணிக்கின்றனர் என்றோ, தொலைக்காட்சி தன்னைப்பற்றியே பேசுகிறது என்றோ சொல்வது ஒன்று. இல்லாத குரல்களுக்குப் பதில் சொல்வது இன்னொன்று. நாள்கணக்கில் நித்திரையின்றியும் களைப்பின்றியும் ஓயாது பேசி, கைக்கு வந்தபடி பணத்தை இறைப்பதும் நோயின் அறிகுறியே. "கெட்டிக்காரப் பிள்ளை, கன படிப்பால் மூளை சூடாகிவிட்டது" என்று சொல்லி ஆறு மாதம் காத்திருந்தால், ஆறு மாத வாழ்வு வீணாகிவிடும். இவ்வகை நோயில் சிகிச்சை தாமதிக்கத் தாமதிக்கக் குணமும் தாமதிக்கிறது. இங்கிலாந்தில் முதன்முறையாக இந்நோய் கண்டவர்களைப் பராமரிப்பதற்கெனத் தனிக் குழுக்கள் உள்ளன; குடும்ப வைத்தியர் மூலம் அவர்களை அடையலாம்.

பிள்ளை பெற்ற வீட்டைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். பிரசவமாகிச் சில நாளில் தாய்க்குக் காரணமின்றி அழுகை வருவது இயல்பு. அது தானே தணியும். தணியாமல் கிழமைக்கணக்கில் நீடித்து, குழந்தையைத் தூக்கவும் மனமில்லாதிருந்தால் அது பிரசவத்தின் பின்வரும் மனச்சோர்வு. பத்தில் ஒரு தாய்க்கு மேல் இது வருகிறது. இவற்றைவிடக் கடுமையான ஒன்றும் உண்டு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள், தாய்க்கு நித்திரை முற்றாக அற்றுப்போய், பேச்சுக் குழம்பி, குழந்தையைப் பற்றி விபரீதமான எண்ணங்கள் தோன்றும். இது அவசர நிலை, அன்றே ஆஸ்பத்திரி. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியட்டும், பிறகு பார்க்கலாம் என்று மாமியார் சொல்வாரானால், அந்த ஒரு விடயத்தில் மாமியார் சொல் கேட்கலாகாது. பிரித்தானியாவில் தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாகவே வைத்துப் பராமரிக்கும் தனி விடுதிகள் இருக்கின்றன. நோய் நன்கு குணமாகக்கூடியது.

கோயிலும் வைத்தியமும் என்ற கேள்வி இவ்விடத்தில் எழும். ஏழரைச் சனி, செய்வினை, கண்ணூறு என்று சொல்லி நூல் கட்டுவதற்கும் சாத்திரம் பார்ப்பதற்கும் ஊருக்குப் பயணச்சீட்டு வாங்கியோர் குறைவல்லர். நம்பிக்கையை யாரும் பழிக்கவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள முத்துசாமி கோயிலுக்குக் கடும் மனநோயாளிகளைக் குடும்பத்தார் கொண்டுவந்து தங்கவைப்பது வழக்கம். அங்கே தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்த மருத்துவர்களின் கட்டுரை 2002இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. சராசரியாக ஆறு கிழமை தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே கட்டணமில்லை. காலைப் பூசை, கோயிலைத் துப்புரவு செய்தல், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுதல், கூடவே வீட்டார் ஒருவர், இவ்வளவுதான். அன்பான சூழலே பயன் தந்தது என்பது அவர்கள் முடிவு. ஆனால் 20 சதவீதம் குறைந்தால் மிச்சம் இருக்கிறது என்பதும் கணக்குத்தானே. அந்த மிச்சத்துக்கு மருந்து வேண்டும்.

மறுபுறம் ஏர்வாடி. இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள அந்த ஊரில், தர்காவை நாடி அழைத்துவரப்பட்ட மனநோயாளிகளைத் தனியார் காப்பகங்கள் சங்கிலியிட்டு வைத்திருந்தன. 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது ஓடமுடியாமல் 28 பேர் மாண்டனர். அவர்களையும் அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் அவர்களிடத்தில் அன்புள்ள குடும்பத்தாரே.

அருள் வந்து ஆடுவதையும் நோயையும் ஒன்றாக்கிக் குழப்புவதும் உண்டு. திருவிழாவில் உடுக்கடிக்கு உருக்கொண்டு ஆடும் அடியவர், மேளம் நின்றதும் திருநீறு வாங்கிக்கொண்டு வீடு போகிறார். மறுநாள் வேலைக்கும் போகிறார். நோயாளிக்கு மேளம் நிற்பதேயில்லை. வேறுபாடு காண அதுவே போதும்.

வைத்தியரிடம் போவதென்று தீர்மானித்தபின் சில நடைமுறைகள். இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவதற்கு விசா நிலை தடையல்ல. அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவரும் பதியலாம், கட்டணமில்லை. ஆங்கிலம் போதாதவர் நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கவேண்டும், அதுவும் இலவசம். பத்து வயதுப் பிள்ளையை அழைத்துப்போய் "அம்மா சாகவேண்டும் என்கிறார்" என்று அதன் வாயாற் சொல்லவைப்பது கொடுமை. அந்தத் தாயும் பிள்ளை முன் உண்மையைச் சொல்லமாட்டார். மொழிபெயர்க்க வருபவர் தெரிந்த ஆளாக இருப்பாரோ என்று அஞ்சுவோர் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பைக் கேட்கலாம். சொல்லவேண்டியவற்றை முதலிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

வைத்தியர் முதலில் இரத்தம் சோதிக்கலாம். தைரொயிட் சுரப்புக் குறைந்தாலும், விற்றமின் பி12 குறைந்தாலும் மனச்சோர்வு போன்ற நிலை தோன்றும். மரக்கறி உணவுக்காரருக்கு, குறிப்பாகப் பாலும் தவிர்ப்பவருக்கு, பி12 குறைய இடமுண்டு. இலேசான நோய்க்குப் பெரும்பாலும் பேச்சுவழிச் சிகிச்சையே போதும். இங்கிலாந்தில் வயதுவந்தவர் வைத்தியரின் கடிதமின்றித் தாமாகவே அதற்குப் பெயர் கொடுக்கலாம். மனச்சோர்வுக் குளிசை கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை செல்லும். முதற்கிழமையில் வயிற்றுப்பிரட்டு வரலாம். இளைஞருக்குத் தொடக்கத்தில் தவிப்புக் கூடினால் உடனே வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். குணமான பின்னும் குறைந்தது ஆறு மாதம் எடுக்கச் சொல்வார்கள். சுகம் கண்டதும் தாமே சடுதியாக நிறுத்துவதனாலேயே பலர் மீண்டும் விழுகிறார்கள். ஊரிலிருந்து வருபவரிடம் நித்திரைக் குளிசை வாங்கிவரச் சொல்லும் பழக்கம் சிலரிடம் உண்டு. மனச்சோர்வுக் குளிசைக்கு அடிமையாகிவிடலாம் என்று அஞ்சுபவர்களும் அவர்களே. உண்மையில் அடிமையாக்குவது டயசிப்பாம் போன்ற அந்த நித்திரைக் குளிசைதான்.

ஒருவர் உயிரை மாய்ப்பது பற்றிப் பேசினால், "அப்படி ஒரு நினைப்பு வருகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த நினைப்பு உண்டாகிவிடாது. உள்ளவருக்குச் சொல்ல வாய் கிடைக்கும். அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள மருந்துகளை வேறொருவர் பொறுப்பெடுக்கவேண்டும். உயிராபத்து உடனடியாக இருந்தால் 999; அல்லது அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. அவசரமாக ஆலோசனை வேண்டுமானால், இங்கிலாந்தில் 111ஐ அழைத்து 2ஐ அழுத்தினால் உளநலப் பணியாளர் பேசுவார், இரவானாலும். 1953இல் தொடங்கப்பட்ட சமரிட்டன்ஸ் அமைப்பின் 116 123 என்ற இலக்கம் இலவசம், பெயர் சொல்லவேண்டியதில்லை. தற்கொலை முயற்சி இங்கிலாந்தில் 1961 முதல் குற்றமல்ல. பொலிஸ் வழக்கு வரும் என்று அஞ்சி மறைக்கவேண்டியதில்லை.

சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருப்பவரைப் பார்க்கத் தோடம்பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டு குடும்பம் குடும்பமாகப் போகிறவர்கள், உளநோய் விடுதியில் இருப்பவரைப் பார்க்கப் போவதில்லை. வீட்டாரும் "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லிவிடுகின்றனர். அந்த விடுதிகளிலும் பார்வையாளர் நேரம் உண்டு. புறப்படுமுன் விடுதிக்குத் தொலைபேசியில் கேட்டு, நோயாளிக்கும் சம்மதமா என்று அறிந்துகொண்டால் போதும். இடியப்பமும் சொதியும் கொண்டுபோகலாமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.