கைக்கு ஒரு தனி டாக்டரா?



உங்கள் சபை ஒன்றுக்கு நாங்கள் வந்திருந்தபோது மூப்பர் ஒருவர் கேட்டார், "உங்கள் சர்ஜன் எஃப்.ஆர்.சி.எஸ். படித்தவர்தானே?" பக்கத்தில் இருந்த சகோதரி, "எம்.எஸ். முடித்த டாக்டரை ஏன் இன்னும் படிக்க அனுப்புகிறீர்கள்?" என்றார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். நம் வடசென்னையில் இதற்கு ஒரு கையைக் காட்டியே பதில் சொல்லிவிடலாம்.

எண்ணூர், திருவொற்றியூர் பட்டறைகளில் பிரஸ் மிஷின், லேத். காசிமேட்டில் விசைப்படகின் வின்ச். எதில் சிக்கினாலும் எலும்பு, தசைநாண், நரம்பு, இரத்தக்குழாய், தோல் ஐந்தும் ஒரே நொடியில் நசுங்கிப் போகின்றன. எலும்பை ஒருவர் இன்று சேர்த்து, தோலை இன்னொருவர் அடுத்த வாரம் மூடினால், காயம் ஆறும், விரல் மடங்காது. ஸ்பானரைப் பிடிக்க முடியாத ஃபிட்டர் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தையும் அறிந்த ஒருவர் வேண்டும்.

அவரை உருவாக்கும் வழி நாட்டுக்கு நாடு வேறு. சுவீடன், பின்லாந்து, சிங்கப்பூர் நாடுகளில் கை அறுவை தனித்துறை. அமெரிக்காவில் எலும்பு அறுவையில் 5 ஆண்டு முடித்த பிறகு, கைக்கென்று மேலும் ஓர் ஆண்டு. பிரிட்டனில் மருத்துவப் பட்டத்துக்குப் பின் 2 ஆண்டு பொதுப் பயிற்சி, 2 ஆண்டு அடிப்படை அறுவை, அதன்பின் எலும்பு அறுவையிலோ பிளாஸ்டிக் சர்ஜரியிலோ சுமார் 6 ஆண்டு. மூப்பர் சொன்ன எஃப்.ஆர்.சி.எஸ். முன்பு இளம் வயதிலேயே எழுதும் பரீட்சை. இப்போது அந்த இடத்தில் எம்.ஆர்.சி.எஸ். இருக்கிறது, எஃப்.ஆர்.சி.எஸ். பயிற்சியின் கடைசிக்குப் போய்விட்டது.

நம் நாட்டில் எம்.எஸ். 3 ஆண்டு, பிளாஸ்டிக் சர்ஜரி எம்.சிஎச். மேலும் 3 ஆண்டு. தேசியத் தேர்வு வாரியம் கைக்கென்று தனி மேற்பயிற்சியும் வைத்திருக்கிறது. எலும்பு அறுவை எம்.எஸ்.ஸை அமெரிக்காவின் 5 ஆண்டோடு ஒப்பிட்டால் நமக்கு 2 ஆண்டு குறைவு. ஆனால் அங்கே வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு: பிரிட்டனில் சராசரியாக வாரம் 48 மணி, அமெரிக்காவில் 80. நம் அரசு மருத்துவமனை மாணவருக்கு இரவும் பகலும் ஒன்றுதான். (அதைப் பெருமையாக நாங்கள் சொல்லவில்லை.) அவர் பார்க்கும் நசுங்கிய கைகள் ஏராளம்.

அந்தக் கூட்டத்திலிருந்துதான் ஒரு துறையே பிறந்தது. 1971-இல் இராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்காயங்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். விரல் நுனி சாய்வாக வெட்டுண்டால், எலும்பைக் குறைத்துத் தைத்துவிடுவது எளிய வழி. அவரும் டாக்டர் சுப்பிரமணியனும், அதே விரலின் பக்கவாட்டிலிருந்து முக்கோணத் துண்டை அதன் நரம்பு, இரத்தக்குழாயோடு நகர்த்தி நுனியை மூடினார்கள். நீளமும் தப்பியது, உணர்ச்சியும் தப்பியது. 1980-இல் இதை அமெரிக்க மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். வெளிநாட்டு டாக்டர்களும் இன்று 'வெங்கடசாமி முறை' என்று படிக்கிறார்கள்! அதற்கும் முன்பே, 1946-இல் வேலூருக்கு வந்த மிஷனெரி டாக்டர் பால் பிராண்ட், லண்டனில் பயின்றவர், தொழுநோயால் மடங்கிய கைகளை இங்கேதான் ஆராய்ந்து திருத்தினார்.

சகோதரியின் கேள்விக்கு வருகிறோம். ஒரு மில்லிமீட்டர் இரத்தக்குழாயை மைக்ராஸ்கோப்பின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். இந்தப் பழக்கம் எம்.எஸ். பாடத்தில் வந்துவிடாது. கோழித்தொடையின் குழாயில் மாதக்கணக்கில் தைத்துத் தைத்தே கை படியும். அதற்காகத்தான் அனுப்புகிறோம்.

அவர் திரும்பி வந்தாலும் ஒரு காரியம் உங்கள் பிள்ளைகள் கையில் இருக்கிறது. துண்டான விரலை நேராக ஐஸில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். திசு உறைந்து கெட்டுவிடுகிறது. சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். பட்டறையில் வேலை செய்யும் வாலிபர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.