கசடும் மண்புழுவும்

ஹைதராபாத் நகரின் கழிவுநீர் மூசி ஆற்றை நோக்கி ஓடுகின்றது. அதனைத் தூய்மை செய்யும் அம்பர்பேட்டை நிலையம் நாளொன்றுக்கு 33 கோடியே 90 இலட்சம் லிட்டர் நீரைக் கையாளும் ஆற்றலுடையது. நீர் தெளிந்து வெளியேறியபின் எஞ்சுவது கசடு. தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் உண்டு. நோய்க்கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் உண்டு. ஆதலால் பச்சைக் கசடை வயலில் இடுதல் தகாது.

இதனை எருவாக்கும் வழிகளுள் ஒன்று மண்புழுவைத் துணைக்கொள்வதாகும். ஆழத் துளைத்து வாழும் புழு இதற்கு உதவாது. மட்கும் பொருள்களிடையே வாழும் ஐசீனியா ஃபெட்டிடா, ஆப்பிரிக்க இனமாகிய யூட்ரிலஸ் யூஜீனியே, இந்தியாவில் காணப்படும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகியவை ஏற்றவை. புழுவின் அரைவைப்பை கசடைத் தூளாக்க, குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கின்றன.

புதிய கசடில் எழும் அம்மோனியா புழுக்களைக் கொன்றுவிடும். எனவே வைக்கோலும் சருகும் கலந்து முதலில் குவித்து மட்கவிடல் வேண்டும். அக்குவியலின் வெப்பம் 55 பாகை செல்சியசுக்கு மேல் சில நாள் நிலைத்தால் கிருமிகள் பெரும்பாலும் அழியும். 30 பாகைக்குக் கீழ் ஆறியபின் புழுக்களை விடலாம். கையிற் பிழிந்தால் சில துளி கசியுமளவு ஈரம் போதும். தக்காணத்துக் கோடையில் நிழற்கூரையும் ஈரச் சாக்கும் இன்றியமையாதவை.

நகருக்கு வடமேற்கே பட்டான்செருவில் 1972-இல் நிறுவப்பெற்ற இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம், பயிர்க்கழிவையும் பார்த்தீனியக் களையையும் மண்புழு உரமாக்கும் முறையைச் சிற்றூர் மகளிர் குழுக்களுக்குக் கற்பித்தது. களையைப் பூக்குமுன் அறுத்தல் வேண்டும். இன்றேல் விதை உரத்துடன் வயலுக்குச் செல்லும்.

நகரக் கசடில் வேறோர் இடரும் உள்ளது. தொழிற்சாலைக் கழிவுநீர் கலந்தவிடத்து ஈயம், காட்மியம் முதலிய உலோகங்கள் சேரும். புழு உலோகத்தை அழிப்பதில்லை. கசடின் கரிமப்பொருள் குறையக் குறைய, எஞ்சிய எருவில் உலோகத்தின் செறிவு உயரலாம். ஒரு பகுதி புழுவின் உடலிலும் தங்கும். அத்தகைய புழுவைக் கோழிக்கு இரையாக்குதல் தவறு. உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, மண்புழு உரத்தில் கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராமையும் ஈயம் 100 மில்லிகிராமையும் மிகலாகாது. நிறத்தாலும் மணத்தாலும் இதனை அறிய இயலாது. ஆய்வுக்கூடச் சோதனையே வழி.

களப்பணியாளர் சோதனைச் சான்றின்றிக் கசடு உரத்தைக் காய்கறி நிலத்திற்குப் பரிந்துரைத்தல் கூடாது. பள்ளியில் செய்து காட்டுவதற்குச் சாணமும் சருகும் காய்கறித் தோலுமே போதும். ஒரு மரப்பெட்டியில் இரண்டு மாதத்திற்குள் மாணவர் மாற்றத்தைக் கண்ணாற் காண்பர்.